மஞ்சள் துணியில் முடிந்த பயணங்கள்

முந்தைய தலைமுறைப் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘வாசற்படி தாண்டாதவர்கள்’ என்று சொல்லிவிடுவது நமக்குப் பழகிப்போயிற்று. பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு, இரங்கிச் சொல்கிறவர்களும் உண்டு. இரு தரப்பாருமே காவிரிப் படுகையில் பேரன் பேத்தி எடுத்த ஒரு பெண்ணின் ஓராண்டை மாதம் மாதமாக எடுத்து வைத்துப் பார்த்ததில்லை என்றுதான் தோன்றுகிறது. சித்திரையில் திருவையாற்று ஏழூர்த் திருவிழா. பல்லக்குக்குப் பின்னால் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம் என்று நடை. ஆடி 18-இல் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரை. ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். புரட்டாசியில் பெருமாள் கோயில் சனிக்கிழமைகள், அந்திக்கு அந்தி கொலு வைத்த வீடுகள். ஐப்பசியில் மாயவரம் துலாக்கட்டம். மாதம் முழுக்க முடியாதவர்களுக்குக் கடைமுகம், அதற்கும் வாய்க்காதவர்களுக்குக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. மார்கழியில் சிதம்பரத்துத் திருவாதிரை, தையில் கணுவும் பூசமும், மாசியில் கும்பகோணத்து மகம், பங்குனியில் குலதெய்வம். நாகூர்க் கந்தூரிக்கு மட்டும் தமிழ் மாதம் குறிக்க முடியாது. அது பிறைக் கணக்கில் நகரும், பாட்டிகளும் அதோடு நகர்ந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் நான்கைந்துக்காவது போகாத பாட்டி அந்தப் பக்கத்தில் அரிது.

இந்தப் போக்குவரத்தை வெறும் பக்தி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம், அல்லது ‘பரம்பரை வழக்கம்’ என்று ஒரு முத்திரை குத்தி நகர்ந்துவிடுகிறோம். இரண்டும் போதாது. பயணம் போகும் உரிமை என்று ஒன்று தனக்கு உண்டென எவரும் ஒப்புக்கொள்ளாத வீட்டில், அந்த உரிமையைப் பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு இது என்பது என் வாதம். அதன் கருவி வேண்டுதல். அதை முழு வீச்சில் கையாளும் வயது பாட்டியின் வயது. இளம் மருமகளுக்கு மாதத்தில் மூன்று நாள் விலக்கு. பிள்ளைத்தாய்ச்சியாக ஓராண்டு, கைப்பிள்ளைக்காரியாக ஈராண்டு. மிச்ச நாளில் அடுப்படி, அதன் வாசலில் மாமியார். மருமகள் வந்து கரண்டியை வாங்கிக்கொண்ட பிறகு, மாதவிலக்கும் நின்ற பிறகு, அதே பெண்ணை வீட்டோடு கட்டிப்போடச் சாத்திரத்தில் காரணம் எதுவும் மிஞ்சுவதில்லை. சபரிமலையில் 10 வயது முதல் 50 வரையுள்ள பெண்களுக்கு விதித்த தடையைப் பற்றி எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். அந்தத் தடையின் மறுபக்கம், 50 தாண்டியவளுக்கு மலை திறந்திருக்கிறது என்பது. எழுதப்படாத அந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

வேண்டுதல் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வந்து முடியிறக்குவதாகச் சொல்லி, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைக்கிறாள். அந்தக் கணத்தில் குடும்பத்தின் மீது ஒரு கடன் ஏறிவிட்டது. அந்தக் கடனை ஏற்றியவள் அவள். அடைக்க வேண்டியது வீடு முழுவதும். ‘இந்த வருஷம் வண்டி கிடைக்காது’ என்று வீட்டுக்காரர் தள்ளிப்போடலாம், ‘போக வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அடுத்த முறை குழந்தைக்கு உடம்பு சுட்டால் தெய்வக் குற்றத்துக்கு அவர்தானே பொறுப்பு? கணவனிடமும் மாமனிடமும் எதிர்வாதம் செய்ய முடியாத ஒருத்தி, அவர்கள் மறுக்க முடியாத மூன்றாவது ஒருவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான். சின்ன உபாதைக்கு உள்ளூர் மாரியம்மன், கொஞ்சம் கனமான சங்கடத்துக்குச் சமயபுரம், உயிர்ப் பயத்துக்குப் பழனியும் திருப்பதியும் என்று தூரமும் துன்பமும் ஒன்றோடொன்று அளவு ஒத்துப்போயின. பணத்துக்கும் வழி இருந்தது. பால், மோர், முட்டை, கொல்லையில் காய்த்த அவரை ஆகியவற்றை விற்ற சிறுவாட்டுக் காசு ஆண்களின் கணக்கில் வராது. அடுக்குப்பானையில் கிடந்தால் அதையும் ஒரு நாள் கேட்டுவிடுவார்கள். மஞ்சள் துணிக்குள் போய்விட்டால் அது சாமி காசு, எவர் கையும் அதன்மேல் படாது. வீட்டில் ஒரு பெண் தன் பெயரில் சேர்த்துவைக்கக்கூடிய, பிறர் தொட முடியாத பயண நிதி அது ஒன்றுதான்.

இது நேர்மையற்ற வாசிப்பு, நெஞ்சுருகிக் கும்பிட்டவர்களின் பக்தியைத் தந்திரம் ஆக்குகிறீர்கள் என்று ஒருவர் கோபிக்கலாம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவள் பயணத் திட்டமா போடுவாள்? வேண்டிய நேரத்தில் பக்தி மட்டும்தான். ஆனால் வேண்டுதலை எப்போது, யார் யாரோடு, எந்த வழியாகப் போய்ச் செலுத்துவது என்று பிற்பாடு ஆற அமர நடந்த ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். மொட்டை போடுவதற்கு ஒரு நாழிகை போதும். அதற்குப் போன பயணம் மூன்று நாள் ஆயிற்று. போகிற வழியில் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் இருந்தது, திரும்புகிற வழியில் கும்பகோணத்துப் பாத்திரக்கடைத் தெரு இருந்தது. தரிசனமும் சுற்றுலாவும் தனித்தனி என்று பிரித்தது பிற்காலத்து மனம். பாட்டிகள் அதைப் பிரித்ததே இல்லை, ஆகையால் ஒன்றை மறைக்க மற்றொன்றைப் போர்த்தினார்கள் என்று சொல்லவும் இடமில்லை.

ஆடிப்பெருக்கு இதற்கு நல்ல சான்று. அதில் மூலவர் இல்லை, உண்டியல் இல்லை, பெரும்பாலும் குருக்களும் இல்லை. குடகு மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழை ஆற்றில் செந்நிறமாக இறங்கி வருகிற நாள். ஈர மணலில் பிள்ளையார் பிடித்துவைத்து, காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் சரடு, பழம் ஆகியவற்றைப் படைத்து, சரடைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, மிச்சத்தை ஆற்றில் விட்டால் சடங்கு முடிந்தது. பிறகு நடப்பதுதான் நாளின் பெரும்பகுதி: புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், எள்ளுச் சாதம், கடைசியில் தயிர்ச் சாதம், தொட்டுக்கொள்ள வடாமும் மாவடுவும், சிறுவர்கள் இழுத்துத் திரியும் சப்பரம். இந்தச் சித்திரான்னங்களின் தேர்வே பயணத்தை மனத்தில் வைத்து அமைந்தது. புளியும் எலுமிச்சையும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு வெயிலில் கெடாது, இலையில் பிசையக் குழம்பு வேண்டாம், தூக்குச்சட்டியில் தளும்பாது. திருவரங்கத்து அம்மா மண்டபத்திலும் பவானிக் கூடுதுறையிலும் திருவையாற்றுப் புஷ்ய மண்டபத்திலும் ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்து தின்றார்கள். ஓர் ஆண் துணை வண்டியோட்டி வந்ததோடு சரி. நாளின் அதிகாரம் முழுவதும் பெண்களிடம் இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைக்க ஆற்றங்கரைக்குப் போவதும் இதே வகை. சென்னையின் காணும் பொங்கல் கடற்கரைக் கூட்டம் இதற்கு நகரத்து உறவு.

இதெல்லாம் மிகப் பழைய வழக்கம்தானே, இதில் பாட்டிகள் உண்டாக்கியது என்ன என்று கேட்கலாம். காலக்கணக்கு பழையது என்பதில் ஐயமில்லை. பரிபாடலில் வையையின் புதுப்புனலுக்கு மதுரையே திரண்டு போகிறது, பெண்களும் போகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டு முழுவதையும் அடுக்குகிறது. அந்தப் பட்டியல் இறந்துபோன ஒரு பெண்ணை விளித்துச் சொல்லப்படுகிறது. இவற்றையெல்லாம் காணாமல் போய்விடுவாயோ என்பதுதான் கேள்வி. ஒரு பெண்ணின் வாழ்க்கை இன்னின்ன விழாக்களைக் கண்டு கழிவது என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியிருக்கிறது. ஆனால் சம்பந்தர் அடுக்கிய விழாக்கள் யாவும் ஒரே ஊரில் நடந்தவை. மயிலைப் பெண் மயிலையிலேயே அவற்றைப் பார்த்தாள். ஒரே ஆண்டுக்குள் மாயவரமும் சிதம்பரமும் கும்பகோணமும் நாகூரும் என்று தூரத்து ஊர்களைக் கோத்தது பிற்காலத்து வேலை. அதற்குச் சாலை வேண்டும், இரவு தங்க இடம் வேண்டும், பயம் தெளிய வேண்டும்.

தங்கும் இடத்தைக் கொடுத்தவை சத்திரங்கள். அவற்றின் பெயர்கள் கவனிக்கத் தக்கவை. மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாளின் பெயரில் சத்திரமும் சாலையும் இன்றும் வழங்குகின்றன. தஞ்சை மராட்டியர் ராமேசுவரம் போகும் வழி நெடுகக் கட்டிய சத்திரங்களில் பல அரண்மனைப் பெண்களின் பெயர் தாங்கியவை: நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள், மணமேற்குடியில் திரௌபதாம்பாள். இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களின் வேலையை விவரிக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு போடுவதோடு, நோயாளிகளுக்கு வைத்தியம், ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பராமரிப்பு எல்லாம் அதில் வருகின்றன. சத்திரத்து மானியங்களைக் கும்பினி பறித்துவிடக் கூடாதே என்று எழுதிய கடிதம் அது. சற்றே மெருகேற்றித்தான் எழுதியிருப்பார். ஆனாலும் பெண்கள் வழியில் வருவார்கள், வந்த இடத்தில் பிரசவமும் நேரலாம் என்று ஒரு நிர்வாகம் முன்கூட்டியே எண்ணி ஏற்பாடு செய்திருக்கிறது. வாசற்படி தாண்டாதவர்களுக்கு எந்த அரசும் வழியில் மருத்துவச்சி வைக்காது.

காசி மட்டும் தனி வகை. சரபோஜி 1820 முதல் 1822 வரை ஏறத்தாழ 3000 பேரோடு காசி போய் வந்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பி, தம் பயணத்தைத் தெலுங்கில் எழுதினார். குடும்பப் பெண்களையும் பரிவாரத்தையும் சேர்த்துக்கொண்டு பல்லக்கும் வண்டியுமாகப் போன அந்தப் பயணத்துக்குப் பதினைந்து மாதத்துக்கு மேல் பிடித்தது. இது ஆண்டுதோறும் நடக்கிற காரியமா? வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் திரும்பி வருவோம் என்ற உறுதி இல்லாமல். நகரத்தார் 1863-இல் காசியில் சத்திரம் கண்டது தமிழ்ப் பயணிகளுக்குப் பெரிய தைரியம். போய் வந்தவர்கள் மூடி ஈயம் பற்றவைத்த கங்கைச் செம்பைக் கொண்டுவந்தார்கள். காசியில் ஒரு காயையோ கனியையோ இனித் தொடுவதில்லை என்று விட்டுவிட்டு வந்தார்கள். பெரும்பாலும் அவரவருக்குப் பிடிக்காத காயாகவே அது இருந்தது என்ற கேலி ஊர்தோறும் உண்டு.

இந்த ஏற்பாட்டை வாழ்நாள் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்குக்கு மாற்றியது ரயில். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் மறு ஆண்டில் திருச்சிக்கும் பாதை திறந்தது. 1870களின் முடிவுக்குள் சென்னையிலிருந்து சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குத் தொடர்ந்து வண்டி ஓடிற்று. கோயில் ஊர்களையே ஊசியில் கோத்ததுபோல் ஒரு பாதை. அதைப் போட்டவர்கள் மனத்தில் இருந்தது நெல்லும் துறைமுகமும்தான். நிலவரியோடு கூடுதல் வரி திரட்டித் தஞ்சை ஜில்லா போர்டே போட்ட மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை 1894-இல் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, ராமேசுவரம் ஓர் இரவுப் பயணம் ஆயிற்று. இந்தியர்கள், அதிலும் பெண்கள், இந்த வண்டியில் ஏறுவார்களா என்று தொடக்கத்தில் ரயில் கம்பெனிக்காரர்களுக்கே ஐயம் இருந்தது. ஏறியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம் வகுப்பு மக்களாகவே இருந்தார்கள். பெண்கள் எவ்வளவு பேர் என்பதற்கு ஒரு சட்டமே சாட்சி. 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், மறு ஆண்டு முதல் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் கடைசி வகுப்பில் குறைந்தது ஓர் அறையைப் பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும், வண்டி 50 மைலுக்கு மேல் ஓடினால் அந்த அறையில் கழிப்பறை இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மிக ஏழைப் பெண்கள், தனியாகவோ தங்களுக்குள் கூட்டமாகவோ, நெடுந்தூரம் போகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ளாமல் இப்படி ஒரு பிரிவை எழுத முடியாது. அந்த அறைக்குள் ட்ரங்குப் பெட்டியும் ஜமக்காளமும் கூஜாவுமாக ஏறி உட்கார்ந்த பாட்டிக்கு ஆண் துணை அடுத்த பெட்டியில் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. கூஜா தண்ணீர் தாகத்துக்கு மட்டும் வந்ததன்று. தீட்டுக் கணக்கும் அதனோடு ரயிலேறியது. நிலையத்துச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற வழக்கம் எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் ஒழிந்தது.

மேலே சொன்னதெல்லாம் நிலமுள்ள குடும்பங்களின் கதை, அதைப் பொதுக்கதை ஆக்கலாமா என்பதுதான் இந்த வாதத்துக்கு எதிராக வரக்கூடிய மிகக் கனமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. படுகையின் ஆண்டு நெல்லுக்குக் கட்டுப்பட்டது. தை அறுவடைக்கும் ஆற்றில் தண்ணீர் வருவதற்கும் இடைப்பட்ட நான்கைந்து மாதம்தான் வயல் சும்மா கிடக்கும். பெரிய விழாக்கள் மாசியிலிருந்து வைகாசிக்குள் நெருங்கிக் கிடப்பதற்கு இதுவே காரணம். ஆடி நேர்மாறு. 1934-இல் மேட்டூர் அணை வந்து தண்ணீர் திறக்கும் நாள் மனிதர் கையில் சேர்ந்த பிறகும், ஆடியும் ஆவணியும் நடவு மாதங்களே. மிராசுதார் வீட்டுப் பெண்கள் ஆற்றங்கரையில் எள்ளுச் சாதம் பிரித்த அதே பகலில் நாற்றங்காலில் குனிந்து நின்றவளும் ஒரு பாட்டிதான். பண்ணையாள் குடும்பத்துப் பெண் ஊர்விட்டுப் போகக் கணவனைக் கேட்டால் போதாது, பண்ணையைக் கேட்க வேண்டும். 1952ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன் அவளுக்குச் சட்டத்தின் பார்வையில் எந்தப் பிடிமானமும் இல்லை. பெரிய கோயில்களின் கதவு 1939-க்கு முன் அவளுக்குத் திறந்ததில்லை, சத்திரத்தில் திண்ணைக்கு அப்பால் இடமில்லை, கோயில் குளத்தில் இறங்க விடமாட்டார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு பார்த்தாலும் அவளுக்கும் ஓர் ஆண்டு வட்டம் இருந்தது, ஊர்கள்தான் வேறு. சமயபுரத்துக்கு நடை, பிள்ளைகளோடு நாகூருக்கு நடை, வேளாங்கண்ணிக்கு நடை. தர்காவில் சாதி கேட்டு நிறுத்துபவர் இல்லை. மாதா கோயில்களுக்குள்ளும் சாதிவாரியாக உட்காரவைத்த வழக்கம் பல ஊர்களில் இருந்தது என்றாலும், வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் அதைக் காப்பாற்ற எவராலும் முடியாது. பண்ணைக்காரரிடமும் வேண்டுதல்தான் பேசியது: அம்மை போட்ட பிள்ளைக்காக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவளைத் தடுத்தால், அம்மை தன் வீட்டுக்கு வரும் என்று அவரும் பயந்தார். ஆகவே மேல்தட்டின் வழக்கம் கீழே இறங்கியது என்ற வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாது என்றே நினைக்கிறேன். மஞ்சள் துணி எல்லா வீட்டிலும் இருந்தது. அதற்குள் இருந்த காசும், அந்தக் காசு கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரமும்தான் வேறுபட்டன. ஆனால் விதவைகள் விஷயத்தில் மேல்சாதி வீடுகள் மிகக் கொடூரமாக நடந்துகொண்டன. ஆடிப்பெருக்கின் மஞ்சள் சரடு அவர்களுக்கு இல்லை, கணு இல்லை, கொலு வீட்டுத் தாம்பூலம் இல்லை. துலாக்கட்டத்துக்கும் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் மிகுதியாகப் போனவர்களும் அவர்களே. வீட்டில் நல்ல காரியம் நடக்கும் நாளில் அவள் ஊரில் இல்லாமலிருப்பதே நல்லது என்று எண்ணிய வீடுகள் பயணத்துக்கு உடனே சம்மதித்தன. உரிமை என்று நான் சொல்வதில் இந்தக் கசப்பும் கலந்தே இருக்கிறது.

சாமியின் பெயரைச் சொன்னால்தான் வெளியே விடுவார்கள் என்றால் அது உரிமையா, கயிற்றைச் சற்றே நீளமாக விட்டதா என்று பெண்ணியர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. வேண்டுதலைச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ போக முடியாது. 1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அத்தனை கோயில் வாசல்களும் அந்த எண்ணை உயர்த்தவில்லை. 1938-இல் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு வந்தவர்கள் சாமியைத் துணைக்கு அழைக்காமல் புறப்பட்டவர்கள்; அது வேறு வகை வாசல் தாண்டல். என்றாலும் பாட்டிகளின் சுற்றுவட்டம் வெறும் தரிசனத்தோடு நின்றுவிடவில்லை. படுகையிலும் தெற்கிலும் பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தால், பெற்றவள் அவளைப் பார்க்கப் போவதற்கே காரணம் தேட வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டில் அடிக்கடி கை நனைப்பது மரியாதைக் குறைவு. திருவிழாவுக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றால் எவரும் குறை சொல்ல முடியாது. மகளின் உடம்பு இளைத்திருக்கிறதா, கழுத்தில் நகை இருக்கிறதா, மாமியார் எப்படிப் பேசுகிறாள் என்பதெல்லாம் அந்த அரைநாளில் தெரிந்துவிடும். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடுகிற இடத்தில் பெண் பார்த்தார்கள், பாகத் தகராறு பேசினார்கள். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறவர்கள் இன்றும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகிறார்கள். இந்த வழிகளை எவரும் எழுதிவைத்ததில்லை. எந்த ஊரில் இறங்கி எந்த வாய்க்காலோரம் நடந்தால் கோயில் வரும், எந்தப் பங்காளிக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் பாட்டியின் தலைக்குள் இருந்தது. அவள் சொல்லாமல் போய்விட்ட குடும்பங்கள் பின்னாளில் சோதிடரிடம் போய்க் குலதெய்வம் எது என்று கேட்கின்றன.

1972 முதல் பேருந்துகள் அரசுடைமையாகிக் கிளைச்சாலைகளிலும் ஓடத் தொடங்கியபின் இந்த வட்டம் இன்னும் விரிந்தது. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் போனது அதற்குப் பிறகுதான். பௌர்ணமி தோறும் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கில் கிரிவலம் வருவதும், கும்பகோணத்தைச் சுற்றி ஒன்பது கோள்களுக்கும் ஒரே மூச்சில் பேருந்தில் போய் வருவதும் கடந்த சில பத்தாண்டுகளின் படைப்பு. கோயில்கள் பழையவை, போகிற முறை புதிது. ஆனால் இன்றைய பேரப்பிள்ளைகள் இவற்றையும் ‘பாட்டி காலத்து வழக்கம்’ என்றே சொல்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஒவ்வொரு தலைமுறைப் பாட்டியும் தனக்குக் கிடைத்த வண்டிக்கு ஏற்ப வட்டத்தைத் திருத்தி அமைத்தாள்; அடுத்த தலைமுறை அதையே ஆதியிலிருந்து இருந்ததாக எடுத்துக்கொண்டது.

வேண்டுதல் ஓர் அனுமதிச் சீட்டாக இருந்தது என்றால், அனுமதி தேவைப்படாத காலத்தில் அது உதிர்ந்துபோயிருக்க வேண்டுமே என்று கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குச் சீட்டுக் காசும் இல்லை. ஓய்வூதியமோ வேலையோ உள்ள பெண்கள் யாரையும் கேட்காமல் காசிக்கு விமானம் ஏறுகிறார்கள். ஆனாலும் சமயபுரத்தில் கூட்டம் குறையவில்லை, மஞ்சள் துணிகளும் குறையவில்லை. பல வீடுகளில் கேட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது என்பது பதிலின் ஒரு பாதி. வீட்டைக் கட்டுப்படுத்தும் வலு வேறு ஆளின் மேல் திரும்பியிருக்கிறது என்பது மற்றப் பாதி. இன்று தடையாக நிற்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் விடுப்பும் பேத்தியின் பரீட்சையும். பேத்திக்குக் காது குத்துவதைக் குலதெய்வத்துக்கு நேர்ந்துவைத்திருக்கிறேன், இரண்டு வருஷம் ஆயிற்று என்று அம்மா தொலைபேசியில் சொன்னால் அந்த மகன் தேதி பார்த்தாக வேண்டும். பார்க்கிறான், ஆனால் பஞ்சாங்கத்தில் அல்ல. பல குலதெய்வக் கோயில்களில் மொட்டையும் காதுகுத்தும் பங்குனி உத்திரத்தைவிட ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம் நடக்கின்றன. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிட வேண்டும், கோயிலை ஒட்டி வண்டி நிறுத்த இடம் வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும். கிழமை மாறியதைப் பற்றிப் பாட்டிகள் பெரிதாகக் குறைபட்டுக்கொள்வதில்லை.